பாறைமேல் உன் அம்மா

லூனாஸ், கெடா
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெயமலருக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பெர்த்தில் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் சுகம். இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். போனில் அனுப்பினால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாய் என்றுதான் கடையில் பிரிண்ட் போட்டேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு ராமையா தன் வேனில் எங்களை யான் என்ற ஊர்ப் பக்கம் கூட்டிப் போனார். அங்கே கடலோரமாகக் காட்டுக்குள் ஒரு பாதை போகிறது. அதன் முடிவில் நடுவே ஓட்டை விழுந்த பெரிய பாறை. கடல் வற்றியிருக்கும்போதுதான் கிட்டே போகலாம். வேர்களைப் பிடித்து ஏறி இறங்கியதில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. உன் அம்மா முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். சிடாம் கிரி தோட்டத்துல பால்மரம் வெட்டின காலு, இதெல்லாம் ஒரு மேடா என்று ராமையாவிடம் பெருமை வேறு.

பாறைக்கு முன்னால் படம் எடுக்க வரிசை நின்றது. வழக்கம்போல் அம்மா எல்லாருடைய போனையும் தானே வாங்கிக்கொண்டாள். மலாய்ப் பிள்ளைகள், ஒரு சீனக் குடும்பம், ராமையா, நான் என்று எல்லாரையும் அவளே எடுத்தாள். எடுக்கிறவளை யாரும் நிற்கச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? முகத்தில் வெண்புள்ளி படர்ந்ததிலிருந்து இதுதான் அவள் தந்திரம். உன் கல்யாணத்திலும் மேடைக்கு வராமல் பந்தியில் பரிமாறிக்கொண்டே ஒளிந்தாள். மாப்பிள்ளையைப் பிடிக்காததால்தான் வரவில்லை, புள்ளி வெறும் சாக்கு என்று நீ சொன்னாய். இரண்டு வருடமாக அவளோடு பேசவும் இல்லை. அது சாக்கு இல்லை, மகளே. அவளுக்கு வெட்கம். அவளை எப்படித் தேற்றுவது என்று எனக்கும் தெரியவில்லை.

தண்ணீர் ஏறத் தொடங்கியதும் எல்லாரும் கிளம்பினார்கள். போனைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஒரு மலாய்ப் பெண், அக்காவுக்குப் படம் வேண்டாமா என்று மலாயில் கேட்டாள். அவளுக்குப் பிடிக்காது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அம்மா கைப்பையை என்னிடம் திணித்தாள். முகத்தை மறைக்க எப்போதும் சுற்றியிருக்கும் துப்பட்டாவையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பாறைமேல் ஏறிவிட்டாள்.

நான் அவசரமாக என் போனை எடுத்தேன். முதல் படம் முழுக்க என் கட்டைவிரல்தான். மேலே இருந்து ஒரே அதட்டல். ஏங்க, ஒழுங்கா எடுங்கலா, தண்ணி ஏறுது, கிட்ட வாங்க, முகம் நல்லாத் தெரியட்டும் என்றாள். முகம் தெரியட்டும் என்று சொன்னது உன் அம்மா! அங்கிருந்தவர்களெல்லாம் கைதட்டினார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

எப்படி மனசு வந்தது என்று வேனில் கேட்டேன். அவ கல்யாணப் படத்துல நான் இல்ல, இன்னும் எத்தனை படத்துல இல்லாம இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் அவளேதான் கடைக்கு வந்து இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

படத்தில் அவள் ஓரமாக நிற்பதைப் பார்த்து அப்பாவுக்கு எடுக்கத் தெரியவில்லை என்று நினைக்காதே. நடுவில் நில் என்று கத்திப் பார்த்தேன். அவள் நகரவில்லை. பக்கத்தில் இருக்கிற இடம் உனக்காம்.

நீங்கள் இருவரும் நீண்ட காலம் ஒற்றுமையாக வாழ எங்கள் ஆசி. எந்த நாள் வருகிறாய் என்று மட்டும் சொல். கடல் எப்போது வற்றும் என்று நான் விசாரித்து வைக்கிறேன்.

உன் அப்பா,
புவனேசன்