கடற்கரையால் கல்முனைக்கு

வியாழன், இஷா தொழுகைக்குப் பிறகு

நியூமோனியாவில் படுத்ததிலிருந்து, இந்த வருடம் எனக்கு ஹஜ் இல்லையென்றே வீட்டில் முடிவுகட்டியிருந்தார்கள். போகலாமா என்று இன்று டொக்டரிடம் காட்ட வேண்டிய நாள். ஆட்டோ வேண்டாமென்று மருதமுனையிலிருந்து கல்முனைக்குக் கடற்கரையால் நடந்தேன். நான் விழுந்தால் ஏற்றிக்கொள்ள, என் கணவர் சைக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

டொக்டர் என் நெஞ்சைச் சோதித்தார். "அங்க நிறைய நடக்க வேணும். உங்களுக்கு ஏலுமா உம்மா?"

"மருதமுனையிலிருந்து நடந்துதான் வந்தன்."

நம்பாமல் என் கணவரைப் பார்த்தார். "ஓம் டொக்டர்" என்று சொல்லவே அவருக்கு மூச்சு வாங்கியது.

டொக்டர் சிரித்துவிட்டார். "நீங்க போகலாம் உம்மா. இவரத்தான் பார்க்கணும் போல."

வெளியே வந்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

இப்போது கால் இரண்டும் கடுக்கின்றன. கடுக்கட்டும். என் காலாலேயே போகப்போகிறேன்.