பக்கத்து வீட்டு வேப்பங்கிளை

ஆனி 14, சனி

எழுத வேண்டியவை:
1. கீரை செத்ததற்குப் பக்கத்து வீட்டு வேம்பின் நிழலே காரணம்.
2. கிளையை வெட்டச் சொன்னது சரி.
3. பிறகு ஏன் தூக்கம் வரவில்லை?

பக்கத்து வீட்டுச் செல்வத்திடம் இன்றுதான் வாய் திறந்தேன். அந்தக் கிளையின் கீழ்தான் அவர் ஆடுகளைக் கட்டுகிறார். இருந்தும், "நீங்க கேட்டு இல்லன்னு சொல்வனா சார்? காலையில வெட்டிடறேன்" என்றார்.

மாலையில் பாத்தியைக் கிளறிப் பார்த்தேன். மண் சேறாகக் கிடந்தது. வேர்கள் அழுகியிருந்தன. தண்ணீர் ட்யூப் எட்டாத மூலையில், அதே நிழலில், பாலக்கீரை தளதளவென்று நிற்கிறது. காலை, மாலை தவறாமல் தண்ணீர் விட்டவன் நான்.

மனைவியிடம் சொன்னேன். "கேக்கறதுக்கு ஒரு மாசம் யோசிச்சீங்க. வேணாம்னு சொல்றதுக்கு இன்னொரு மாசமா? கிளை அதுவரைக்கும் நிக்காதுங்க" என்று சிரித்தாள்.

ஜெயங்கொண்டத்துக்கு முதல் பஸ் போகும்போதே செல்வம் எழுந்துவிடுவார். அவர் அரிவாளை எடுப்பதற்குள் நான் அவர் வாசலில் நிற்க வேண்டும். எப்படித் தொடங்குவது? மேலே எழுதியதிலிருந்தே தொடங்கலாம். முதலாவது தவறு, செல்வம். நிழல் ஒன்றும் செய்யவில்லை.