பச்சையில் ஒரு துளி சிவப்பு

இன்று காலை கம்ப்ரஸர் தொட்டியில் காற்று நிறைந்து, அது தானாகவே டக்கென்று நின்றது. அது ஓடும்போது வீட்டில் வேறொன்றும் காதில் விழாது என்பது உங்களுக்குத் தெரியும். நின்ற பிறகுதான் பக்கத்து வீட்டு மிக்ஸி, கீரைக்கார அம்மாவின் குரல், தாம்பரம் போகிற ரயில் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கும். பால்கனியில், பெயின்டைக் காற்றோடு தூவுகிற ஏர்பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பழக்கதோஷத்தில், "ஏங்க, காத்து ரொம்பிடுச்சு" என்று உள்பக்கம் திரும்பிச் சொல்லியும்விட்டேன்.

இத்தனை வருஷமும் அந்தச் சத்தத்துக்கு எழுந்து போய்ப் பெயின்ட் அடித்தவர் நீங்கள். நான் சமையலறை மேடையில் பெயின்ட் கலக்கிக்கொண்டிருப்பேன். இப்போது இரண்டு வேலையும் என்னுடையது. அது எப்படி என் கைக்கு வந்தது என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நல்ல செய்திதான், பயப்படாதீர்கள்.

நாம் முதலில் பேசிக்கொண்டதே ஒரு நிறத்தைப் பற்றித்தான். குரோம்பேட்டையில் ஜிஎஸ்டி ரோட்டு மேட்சிங் சென்டரில் நான் வேலை பார்த்த காலம். உங்கள் அக்காவின் பாக்கு நிறப் புடவையை எடுத்துக்கொண்டு ரவிக்கைத் துணி வாங்க வந்தீர்கள். நான் எடுத்துப் போட்டதையெல்லாம் விட்டுவிட்டு, ஓரத்தில் கிடந்த பாசிப்பச்சைத் துணியைக் காட்டி, இதுதான் சரியான மேட்ச், வெட்டுங்கள் என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் புடவையையும் துணியையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தீர்கள். திரும்பி வந்து, "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க தெரியுது. நீங்களே பாத்துக் குடுத்துடுங்க" என்றீர்கள். முகத்தில் ஒரு துளி வெட்கம் இல்லை. அப்படிச் சொல்லத் தெரிந்த ஆண்களை நான் அதற்கு முன் அதிகம் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்குப் பிறகுதான் மிச்சக் கதை தெரிந்தது. ரயில் ஓட்ட வேண்டும் என்பது உங்கள் ஆசை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டீர்கள். கண் பரிசோதனையில், வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்ணைச் சொல்ல முடியாமல் வெளியே வந்தீர்கள். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் பிரித்துத் தெரியாதவரிடம் யார் ரயிலைக் கொடுப்பார்கள்? அதை நீங்கள் குறையாகச் சொன்னதே இல்லை. படப்பை வழியாகத் தினமும் பஸ்ஸில் தொழிற்சாலைக்குப் போய்வந்தீர்கள். ஓட்டக் கிடைக்காத ரயில்களை, பிளாஸ்டிக் தகட்டை அறுத்து ஒட்டி, வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தீர்கள்.

நம் முதல் கம்ப்ரஸர் நினைவிருக்கிறதா? குன்றத்தூர் ரோட்டு மெக்கானிக்கிடம் சொல்லி, பழைய ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றி வாங்கி வந்தது. காற்றோடு எண்ணெயையும் துப்பியது. ஒரு மாதம் உட்கார்ந்து செய்த ரயில்பெட்டி முழுக்கப் புள்ளி புள்ளியாகிவிட்டது. பெட்டிக்கு அம்மை போட்டிருக்கிறது, வேப்பிலை கட்டலாமா என்று நான் கேட்டேன். நீங்கள் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அதன் பிறகுதான் தொட்டியும் அழுத்தமானியும் வைத்த இந்தச் சின்ன கம்ப்ரஸர் வந்தது.

வேலை தானாகவே பிரிந்துகொண்டது. நிறம் என்னுடையது, காற்று உங்களுடையது. கடையில் கிடைக்கிற பச்சை எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே பளபளக்கும். அதில் ஒரு துளி சிவப்பு விட்டால் அந்தப் பளபளப்பு அடங்கும். நான் அதைச் செய்வதை நீங்கள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "எனக்கு ஒண்ணும் மாறலையே" என்பீர்கள். ஆனால் எது வெளிச்சம், எது இருட்டு என்று பார்ப்பதில் உங்கள் கண்ணுக்கு முன் என் கண் நிற்காது. சின்ன வண்டிக்குப் பெரிய வண்டியின் பெயின்டை அப்படியே அடித்தால் கறுத்துத் தெரியும், கொஞ்சம் வெள்ளை சேர் என்று சொல்லித் தந்ததும் நீங்கள்தான். எத்தனை சொட்டு என்று நான் கேட்டதில்லை. நீங்கள் "போதும்" என்றால் நிறுத்துவேன்.

மாடல் செய்கிற நண்பர்கள் உங்கள் நிறங்களைப் புகழும்போதெல்லாம், "கலர் டிபார்ட்மென்ட் உள்ள காபி போட்டுகிட்டு இருக்காங்க" என்பீர்கள். அவர்கள் அதை வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

கடைசியாக நீங்கள் தொட்டது, பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் ஓடிய அந்தப் பழைய மீட்டர் கேஜ் மின்சார ரயில். நான் வேலைக்குப் போய்வந்த வண்டி. பெட்டிகளைச் செய்து முடித்து, சாம்பல் நிற பிரைமர் அடித்து அலமாரியில் வரிசையாக வைத்திருந்தீர்கள். மழை விட்டதும் பெயின்ட் அடிக்கலாம் என்றிருந்தோம். மழை விடுவதற்குள் உங்கள் மூச்சு நின்றுவிட்டது.

காரியம் எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து சேகர் வந்தார். சேலையூரிலிருந்து ஞாயிறுதோறும் வருவாரே, விமான மாடல் செய்கிறவர், அவர்தான். உங்களைப் பற்றி என்னால் முதன்முதலாகச் சிரித்துப் பேச முடிந்தது அவரிடம்தான். கிளம்பும்போது அலமாரியைப் பார்த்துத் தயங்கினார். குரோம்பேட்டை கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வருகிறது, தான் எடுத்துப்போய் அடித்து முடித்துத் தருவதாகச் சொன்னார். "சாரோட பச்சை எப்படிக் கலக்கறதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்க்கா" என்றார்.

"சாருக்குப் பச்சையே தெரியாது தம்பி. கலக்கினது நான்" என்றேன்.

அவர் செருப்பை மாட்டாமல் அப்படியே நின்றார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கேட்ட வேடிக்கை அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்து, முழுக் கதையையும் கேட்டார். கேட்டு முடித்ததும், அப்படியானால் இதை நீங்கள்தான் அடிக்க வேண்டும் என்றார். பிரஷ்ஷைப் பிடித்ததே இல்லை என்றேன். கழுவத் தெரியுமா என்று கேட்டார். அதுதான் நன்றாகத் தெரியுமே, இத்தனை வருஷமாகக் கழுவி வைத்தவள் நான்தானே. அப்படியென்றால் பாதி தெரிந்த மாதிரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சப் பாதி என்னை உண்டு இல்லையென்று ஆக்கியது. பழைய தயிர் டப்பாக்களில் அடித்துப் பழகினேன். தின்னர் கூடினால் பெயின்ட் சிலந்திக் கால் மாதிரி நாலாபக்கமும் ஓடியது. குறைந்தால் ரவை தூவியது போலச் சொரசொரத்தது. பால் பதத்துக்குக் கொண்டுவந்து ஒருவழியாகக் கை தேறியபோது, பிரஷ்ஷிலிருந்து தண்ணீர் சொட்டியது. நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரமெல்லாம் தொட்டிக்குள் சேர்ந்திருந்தது. ஒவ்வொரு முறையும் நீங்கள் கம்ப்ரஸர் முன் குனிந்து ஏதோ செய்வீர்கள், கும்பிடுகிறீர்களோ என்று கேலி செய்திருக்கிறேன். தொட்டியின் அடியில் இருந்த திருகாணியைத் திறந்தேன். பழுப்புத் தண்ணீர் புஸ்ஸென்று என் புடவையில் அடித்தது. தனியாக நின்று சிரித்தேன். அன்றைக்குப் பிறகு பயம் இல்லை.

மேல்பாதிக்கு இளமஞ்சள் அடித்து, காயவிட்டு, டேப் ஒட்டி, கீழ்ப்பாதிக்குப் பச்சையைக் கலக்கினேன். அந்த வண்டி எந்தக் காலத்தில் எந்த நிறத்தில் ஓடியது என்று உங்கள் நண்பர்களுக்குள் ஓயாத சண்டை. எனக்குச் சந்தேகமே இல்லை. லேடீஸ் பெட்டி வாசலில் நான் பிடித்து ஏறிய பச்சை அது. நிறம் ஒரே நாளில் வந்துவிட்டது. வெள்ளைதான் வரவில்லை. எவ்வளவு சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. "போதும்" என்று சொல்ல ஆள் இல்லை. கிண்ணத்தை மேடையில் வைத்தேன்.

பிறகு போனை எடுத்தேன். தாம்பரம் ஸ்டேஷனில் என் தோழி எடுத்த பழைய படம் ஒன்று, அந்த வண்டியின் முன் நான் நிற்பது, ஆல்பத்தில் இருந்தது. அதையும் கிண்ணத்தில் இருந்த பச்சையையும் அருகருகே வைத்து, கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தேன். உலகம் உங்களுக்குக் கறுப்பு வெள்ளையாகத் தெரியவில்லை என்பதை நீங்கள் எத்தனை பேரிடம் விளக்கி அலுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நிறத்தை எடுத்துவிட்ட பிறகு மிஞ்சிய வெளிச்சத்தை நான் முதன்முறையாகப் பார்த்தேன். என் பச்சை கறுத்திருந்தது. ஒரு சொட்டு வெள்ளை விட்டேன். இன்னொன்று. மறுபடி ஒன்று. திரையில் இரண்டும் ஒன்றாயின.

"போதும்" என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

கண்காட்சியன்று மேசை மேல் வைக்கும் அட்டையில் யார் பெயர் எழுதுவது என்று சேகர் கேட்டார். இரண்டு பெயரையும் எழுதச் சொன்னேன். முதலில் என் பெயர், அடுத்து உங்களுடையது. நீங்கள் இருந்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள், நான்தான் விட்டிருக்க மாட்டேன்.

மதியம் ஒரு பெரியவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நம் மேசை முன் நின்றவர் நகரவில்லை. அந்த வண்டியை ஓட்டி ஓய்வுபெற்றவராம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"எல்லாரும் பளபளன்னு அடிச்சுடுவாங்கோ. இதான்மா நம்ம வண்டி. இந்தப் பச்சதான்" என்றார். பிறகு, "உங்க வூட்டுக்காரரு மோட்டார்மேனா?" என்று கேட்டார்.

"ஆகணும்னு இருந்தாருங்க. கலர் தெரியாதுன்னு கண் டெஸ்ட்ல எடுக்கல."

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "ஓட்டலன்னா இன்னா. எங்காளுதான் அவரு" என்றார்.

ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டு, மேசையில் போட்டிருந்த தண்டவாளத்தின் வேகக் குமிழை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் திருப்பிய விதம் இருக்கிறதே! சேகரும் மற்றவர்களும் காலை முழுக்க அந்த ரயிலைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் கையில் அது உண்மையான ரயில் போலக் கனத்தோடு கிளம்பியது, வளைவில் தணிந்தது, நீங்கள் செய்த தாம்பரம் பிளாட்பாரத்துக்குள் ஊர்ந்து வந்தது. கடைசிப் பெட்டி பிளாட்பார விளிம்புக்குள் வந்ததும் நின்றது. ஒரு குலுக்கல் இல்லை. மண்டபமே கை தட்டியது. முதல் பரிசும் நமக்குத்தான். அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள்.

இப்போது மேசை மேல் இருப்பது ரயில் இல்லை. பெண்கள் டிக்கெட் இல்லாமல் போகிற, முகப்பில் ரோஸ் அடித்த டவுன் பஸ். தகட்டை அறுத்து ஒட்டியதிலிருந்து எல்லாமே நான்தான். ஜன்னல்கள் கொஞ்சம் கோணல், அடுத்த பஸ்ஸில் சரியாகிவிடும். இந்த ரோஸைக் காட்டியிருந்தால் நீங்கள் சாம்பல் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். நானும் உங்களோடு அரைமணி நேரம் சண்டை போட்டிருப்பேன்.

ஒரு கோட் அடித்ததும் அடுத்ததற்கு அவசரப்பட்டுப் பெயின்ட் கிண்ணத்தை நீட்டும் என் கையை மெல்லத் தள்ளி, "காயட்டும்" என்பீர்கள். பெயின்டுக்கு மட்டும் இல்லை, நம் சண்டைகளுக்கும் அதே வார்த்தைதான். எனக்கு உங்களிடமிருந்து வந்த சொத்து அதுதான் என்று நினைக்கிறேன். இந்த ஒரு வருஷத்தையும் அதை வைத்துத்தான் கடந்தேன்.

இந்தக் கடிதத்தை எழுதிய நேரத்தில் பஸ்ஸின் முகப்பு காய்ந்துவிட்டது. விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. எழுந்து போய் அடுத்த கோட் அடிக்கிறேன்.