இஸ்திரி மேசையில் கற்ற எழுத்து

அன்பு மகன் ஆமோஸுக்கு, உன் அம்மா ஹெஸ்டர் எழுதுவது. ஆமாம், நானேதான், ஆள் வைத்து எழுதவில்லை, வாயை மூடு, கனடாவிலும் ஈ இருக்கும். கர்த்தர் தயவில் நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், எங்கெங்கே வலிக்கிறது என்று எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது. நீ தப்பிப்போன அந்த நாட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, காலுக்கு நல்ல பூட்ஸ் போட்டு நலமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், வேறு விதமாக நினைக்க எனக்குத் தெம்பில்லை.

நான் துவைக்கும் இந்த எசமான் வீட்டுத் துணிகளின் ஓரத்தில் சிவப்பு நூலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறியாகத் தைத்த எழுத்துகள் உனக்கு நினைவிருக்கும். யார் சட்டை எது என்று தெரிந்தவளுக்கு யார் பெயர் எந்த எழுத்தில் தொடங்கும் என்று தெரியாதா, அப்படித்தான் ஒவ்வொன்றாகப் பிடித்தேன், சொல்லித்தர யாரும் இல்லை. பெரிய படிப்பாளி ஆகிவிட்டேன் என்ற திமிரில், பக்கத்துப் பண்ணையிலிருந்து உன் அப்பா எங்களைப் பார்க்க வர அவர் எசமான் தருவதுபோல ஒரு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். எழுத்தென்றால் இப்படித்தான் இருக்கும் என்று எல்லாவற்றையும் பெருக்கல் குறியாகவே போட்டிருந்தேன் மகனே. வழியில் அடிமைகளை மறித்துச் சீட்டுக் கேட்கும் ரோந்துக்காரன் அதைப் பார்த்துவிட்டு உன் அப்பாவிடம், ஏண்டா பெர்ரி, உங்க எசமான் பேனாவுல எழுதுனாரா, ஊசியில தச்சாரா என்று சிரித்தானாம், சிரித்துக்கொண்டேதான் சவுக்கை எடுத்தானாம். யார் எழுதியது என்று கடைசிவரை உன் அப்பா சொல்லவில்லை. முதுகில் மருந்து போடும்போது என்னிடம், அடியே, ஒனக்கு எழுதிப் பாக்க என் முதுகுதானா கெடச்சுது, அடுத்த தடவ நல்லா எழுது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளைக்காரர்கள் எழுத்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு ஓடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இஸ்திரிப் பெட்டியின் சூடு பார்க்க எசமானி கிழித்துப் போடும் பழைய கடிதங்களை வைத்துப் படித்தேன். சோப்புத் தண்ணீரில் விரலைத் தொட்டு மேசையில் எழுதுவேன், அடிமைக்கு எழுத்து தெரியும் என்று தெரிந்தால் தோலை உரிப்பார்கள், தண்ணீர் காய்ந்தால் தடம் இருக்காது. என்னடி மேசையத் தடவிக்கிட்டே இருக்கே என்று எசமானி கேட்டாள், கறை போகலம்மா என்றேன். உன் தங்கை கெசியா, சும்மா சொல்லக்கூடாது, என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டாள். சில நாள் கை வெடித்து ரத்தம் வரும், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, இந்த வயதில் இது என்ன கூத்து என்று விட்டுவிடலாம்போல இருக்கும்.

விடவில்லை, ஏனென்றால் எசமானியின் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை தெற்கே தூரத்து ஜார்ஜியாக்காரன். சீதனத்தோடு கெசியாவையும் அனுப்பப்போகிறார்கள். ஒனக்கென்னடி கொறச்சல், ஒம் மக பெரிய வீட்டுக்குப் போறா என்று எசமானி என்னிடமே சொன்னாள். ஜார்ஜியாவுக்குப் போன யார் திரும்பி வந்திருக்கிறார்கள், நீயே சொல். அதனால் கெசியா என் தங்கை வீட்டுக்குத் துணி கொண்டுபோகிறாள், படகில் ஏற்றிவிடுங்கள் என்று எசமானியே எழுதியதுபோல ஒரு சீட்டு எழுதினேன், அதை வைத்து அவள் வடக்கே உன்னிடம் வந்துசேரட்டும். சீட்டுக்கு நல்ல மை திருடினேன், இந்தக் கடிதத்துக்குச் சலவை நீலம்தான், நிறத்தைப் பார்த்துக் கேலி செய்யாதே. ஊர்ப் பெயரும் எசமான் பெயரும் இதில் போடவில்லை, இதை அவள் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைக்கப்போகிறேன். நீயும் வாம்மா என்று அழுகிறாள். நானும் வந்துவிட்டு, சலவை நாளான திங்கட்கிழமை துணிக்கொடி காலியாக இருந்தால் உடனே தேடுவார்கள். நாங்கள் இரண்டு பேர் துவைக்கும் துணியையும் நான் ஒருத்தியே துவைத்துப் போட்டால் மதியம்வரை யாரும் கேட்கமாட்டார்கள், அதற்குள் படகு போய்விடும். அப்புறம் கேட்பார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே, எனக்குக் கடிதம் வந்தால் வீடே எழுந்துவிடும். எங்களைத் தேடி வராதே, இது ஆணை. அவளுக்குக் குளிர் ஆகாது, கம்பளி வாங்கிக் கொடு, சோளரொட்டி கருகினால் சாப்பிடமாட்டாள், செல்லம் கொடுக்காதே. கர்த்தர் உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும். சீட்டு நன்றாக வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. இந்தக் கடிதம் உன்னிடம் வந்திருந்தால் சீட்டு நன்றாகத்தான் வந்திருக்கிறது. நீ இன்னும் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்றால் கெசியாதான் இதைப் படித்துக்கொண்டிருப்பாள், வெட்கமாக இல்லையா உனக்கு. போதும், காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வை, அவளைக் கட்டிக்கொள்.

இப்படிக்கு,
உங்கள் அம்மா,
ஹெஸ்டர்