அவர் தொடாத தட்டு

சிரஞ்சீவி விஷாகாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். லிவர்மோரில் சிவா விஷ்ணு கடாட்சத்தில் நாங்கள் மூவரும் சௌக்கியம், நீயும் சௌக்கியம் என்று வாட்ஸப்பில் கட்டைவிரலைக் காட்டுகிறாய், ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் குரலில் அது இல்லை. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. உன் தம்பி ஷ்ரேயஸ் லைசென்ஸ் வாங்கிவிட்டான், கோயிலுக்கு அவன்தான் ஓட்டுகிறான், நான் வழிநெடுக ஸ்லோகம் சொல்லிக்கொண்டு போகிறேன், பக்தியினால் மட்டும் என்று நினைக்காதே.

போனில் சொன்னால் ம்ம் ம்ம் என்று கேட்டுவிட்டு மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீ சொன்னதில் நான் புரிந்துகொண்டது இது. கனடாவில் வடக்கே க்ரீ என்கிற பூர்வகுடி ஜனங்கள் வேட்டையாடுகிற, பெர்ரி பறிக்கிற காட்டின் நடுவே உன் கம்பெனி சுரங்கத்துக்கு ரோடு போட வேண்டும். பழைய ஒப்பந்தப்படி அந்தக் காட்டில் அவர்களுக்கு உரிமை உண்டு, கவர்மென்ட் அவர்களைக் கேட்காமல் செய்யக்கூடாது, கேட்கிற வேலையை உன் கம்பெனியிடமே விட்டுவிட்டது. ஒன்றைக் கேட்க வருகிறவர்கள் புகையிலை வைத்துக் கேட்பது அங்கே வழக்கம், எடுத்துக்கொண்டால் சரி என்று அர்த்தம். உன் மேனேஜரும் ஒரு தட்டில் வைத்தார். அந்த ஜனங்களில் பெரியவரான ரோசலி அம்மா தொடவில்லை, தட்டோடு மேனேஜர் பக்கமே நகர்த்தி, முடிவு பண்ணிட்டு வந்து சொல்றீங்க, இன்னும் கேட்கவே இல்லையே என்றாராம். ஆனாலும் வந்த எல்லோருக்கும் சூப்பும் ரொட்டியும் போட்டு அனுப்பினாராம். இப்போது மேனேஜர், புகையிலை வைத்தோம், சேர்ந்து சாப்பிட்டோம், கலந்து பேசியாயிற்று என்று ரிப்போர்ட் எழுதிவிட்டு, கூட இருந்த உன்னையும் கையெழுத்துப் போடச் சொல்கிறார். என்ன பண்றதும்மா, என் வொர்க் பர்மிட் அவங்க கையில இருக்கே என்கிறாய்.

போன வருஷம் ஃப்ரீமான்ட்டிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, மறந்துவிட்டதா. சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டார்கள், கையோடு கொண்டுவந்த தாம்பூலத் தட்டை நீட்டினார்கள், நீ வேண்டாம் என்று தலையை ஆட்டியதால் நான் வாங்கவில்லை. மறுநாளே பையனின் அம்மா, அந்த மாமி, போன் பண்ணி, உங்காத்துல சாப்டாச்சு, தட்டையும் நீட்டியாச்சு, இனிமே முகூர்த்தம் பார்க்க வேண்டியதுதானே என்றாள். நான் மென்று விழுங்கினேன், நீ போனைப் பிடுங்கி, வந்தவாளுக்கு சாப்பாடு போடறது எங்காத்து வழக்கம் மாமி, அது சம்மதம் இல்லே என்றாய். பே ஏரியா பூராவும் உன்னை வாயாடி என்றார்கள். சொல்லட்டுமே. அந்த வாய் அங்கே குளிரில் உறைந்துவிட்டதா?

இதை எழுதுவதைப் பார்த்து உன் அப்பா, அவளை எதுக்குக் கிளப்பி விடறே, வேலை போச்சுன்னா என்ன பண்ணுவா என்றார். வீட்டுக் கணக்கு எழுதறவ நான், போனா இங்க வரட்டும், அவ ரூம் காலியாத்தானே இருக்கு, தாங்கும் என்றேன். அவர் டிவியைப் போட்டுக்கொண்டார்.

நீ கையெழுத்துப் போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள் என்பாய், அதனால் மாட்டேன் என்று ஒதுங்கினால் மட்டும் போதாது. பார்த்ததை எழுது. தட்டை வைத்தார்கள், அவர் தொடவில்லை, சாப்பாடு போட்டது அவர்கள் வழக்கம், அது சம்மதம் இல்லை என்று எழுதி அதற்குக் கீழே உன் கையெழுத்தைப் போட்டு கவர்மென்ட்டுக்கே அனுப்பு, ரோசலி அம்மாவுக்கும் ஒரு காப்பி கொடு. பெருமாள் துணை இருப்பார், நானும் இருக்கிறேன்.

தீர்க்காயுசாக, தலை குனியாமல் இரு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. பார்சலில் இரண்டு பொட்டலம் முறுக்கு வைத்திருக்கிறேன், ஒன்று ரோசலி அம்மாவுக்கு. இதைச் சாப்பிட்டால் எதற்கும் சரி என்று சொன்னதாக ஆகாது என்று சொல்லிக் கொடு.

இப்படிக்கு,
உன் அம்மா மீனாக்ஷி