பச்சை முனை, நீல முனை

நேற்று வீட்டில் இணையம் நின்றுபோய், ஃபைபர் சரிபார்க்க ஒருவர் வந்தார். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் கேபிள் முனையைத் துடைத்தார். அந்த வாசனை வந்ததும் உன் முகம்தான் வந்தது. "பச்சைக்குப் பச்சைதாங்க போடணும். நீலத்துல சொருகிட்டா போச்சு" என்று அவர் தன்பாட்டுக்குச் சொன்னார். நான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அதைத்தான் உன்னிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

நம் ஆய்வகத்தில் மைக்ரோவேவ் சிக்னலை லேசர் ஒளியில் ஏற்றி, ஃபைபர் வழியே அனுப்பி, மறுமுனையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோமே, அப்போது ஒருநாள் சிக்னலில் இரைச்சல் திடீரென்று ஏறிவிட்டது. ஒளியைக் கூட்டிப் பார்த்தோம்; இரைச்சலும் கூடவே ஏறியது. கூட்டத்தில் காரணம் கேட்டார்கள். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "முனையில அழுக்கு சார். அவ காலைல பெரிய மார்க்கெட்ல அவங்க அம்மாவுக்கு மீன் கூடை இறக்கிக் குடுத்துட்டுதான் வரா" என்றேன். யாரோ சிரித்தார்கள். எங்கள் எல்லோரையும்விட அதிகம் சோப்பு போட்டுக் கை கழுவும் நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

மறுநாள் நீ வருமுன் பிரித்துப் பார்த்தேன். முனை சுத்தமாக இருந்தது. சாய்வாகத் தேய்த்த பச்சை முனையை, நேராகத் தேய்த்த நீல முனையோடு சேர்த்துவைத்திருந்தது நான்தான். இரண்டும் சரியாக ஒட்டாததால் ஒளி பட்டுத் திரும்பி லேசருக்குள்ளேயே போய் அதைக் கலைத்திருக்கிறது. மாற்றினேன், இரைச்சல் இறங்கியது. நீ வந்து கேட்டபோது, "தொடச்சேன், சரியாயிடுச்சி" என்றேன்.

"இனிமே நீயே சொருகுடி. நான் ரீடிங் எழுதிக்கறேன்" என்றாய். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம்மில் கை நடுங்காமல் ஃபைபர் வெட்டத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். அதன்பின் ஒரு முனையையும் நீ தொடவில்லை.

நீ நோயில் படுத்திருந்தபோது கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு நான் வந்தது இதைச் சொல்லத்தான். பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். வைத்திக்குப்பத்திலிருந்து வந்திருந்த உன் அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உன்னத்தான் கேட்டுக்கினே இருந்துச்சி" என்றார். நான் கையை நீட்டினேன். நீ உன் கையைப் போர்வையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, பிறகுதான் பிடித்தாய்.

ஆரஞ்சு உரிக்கட்டுமா என்று மட்டும் கேட்டேன். அடுத்த வாரம் நீ இல்லை.

முனையை மாற்றிப் போட்டது நான்தான்டி. உன் கையில் ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் யாராவது கை நீட்டினால், நான் முதலில் என் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொள்கிறேன். எத்தனை முறை துடைத்தாலும் போதவில்லை.