யூட்டின் மரண அறிவித்தல்

ஓகஸ்ட் 6, புதன்

சோளகக் காற்று. ஒரு மாதமாக மழை இல்லை. வாயெல்லாம் மண்.

குறும்படத்துக்கு: சவப்பெட்டி (வாடகை), கதிரை 20, மரண அறிவித்தல் 6.

கதை, ஒருவன் தன் மரண அறிவித்தலைத் தானே ஒட்டிவிட்டு, அழ யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது. கதாநாயகன் என் தம்பி யூட். அவன் நடிக்கத் தேவையில்லை. போன வருஷம் குரலை மாற்றி, ‘யூட் கடலுக்குள் விழுந்து செத்துப்போனான்’ என்று அம்மாவுக்குப் போன் எடுத்தவன். அம்மா, “புட்டு ஆறுது, வா” என்று வைத்துவிட்டா.

அறிவித்தலில் எங்கள் உண்மையான பெயர்களையே போடச் சொன்னான். போட்டேன். அப்பாவின் பெயரையும்.

ஓகஸ்ட் 7, வியாழன்

படப்பிடிப்பு. யூட் சவப்பெட்டியை விட்டு எழும்ப மாட்டானாம். “இன்னும் கொஞ்சம் அழச் சொல்லுங்கோ அக்கா.” எல்லோரும் சிரித்தோம்.

முடிந்ததும் அறிவித்தல்களைக் கழற்றினேன். ஐந்துதான்.

“மற்றது எங்கயடா?”

“மறிச்சுக்கட்டி பஸ் ஸ்டாண்டில ஒட்டினனான். அடக்கம் சனி மூண்டு மணிக்கு எண்டு இருக்குத்தானே. அவர் வருவார்.”

அப்பா எங்களை விட்டுப் போய் ஒன்பது வருஷம். அங்கே வேறு குடும்பம். உடனே போய்க் கிழித்திருக்க வேண்டும். போகவில்லை. எனக்கும் பார்க்க ஆசை.

ஓகஸ்ட் 9, சனி

யூட் சவரம் செய்து வெள்ளைச் சேட்டு போட்டிருந்தான். முற்றத்தில் கதிரைகள்.

“ஆருக்கடா இவ்வளவு கதிரை?” அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எழும்பினான். மூன்று. நான்கு. “பஸ் பிந்தியிருக்கும்.” ஆறு மணிக்குக் கதிரைகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். பாவம்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பூசை முடிந்து மோட்டார் சைக்கிளில் மறிச்சுக்கட்டி.

அறிவித்தல் சுவரில் அப்படியே. யூட்டின் சிரித்த படம், அம்மாவின் பெயர், என் பெயர், எல்லாம் இருந்தன. அப்பாவின் பெயரை மட்டும் யாரோ கத்தியால் சுரண்டியிருந்தார்கள். வடிவாக, பக்கத்து எழுத்தில் படாமல்.

பஸ் ஸ்டாண்ட் வாங்கில் குந்தியிருந்து அழுதேன். கிழித்துப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது யூட் படலையடியில் நின்றான்.

“அப்பா பார்த்தவரோ?”

“இல்லையடா. மழைக்குக் கழண்டு விழுந்திட்டுது. ஒருத்தரும் பார்த்திருக்கமாட்டினம்.”

வானத்தைப் பார்த்தான். கண்ணிலிருந்த மண்ணைத் துடைத்தான்.

“ஓம் அக்கா,” என்றான். “அங்கால நல்ல மழைதான்.”